லெப்பையின் பிரம்பும் டொபிப் பேணியும்: ஓதல்பள்ளித் தண்டனை பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

போன வருஷம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு என் பேரனை வெள்ளவத்தையில் ஒரு குர்ஆன் மத்ரஸாவில் சேர்த்தோம். அன்று இரவு மகள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "வாப்பா, அங்க உஸ்தாத் அடிப்பாங்களா?"

முப்பத்தைந்து வருஷம் பாடசாலையில் படிப்பித்தவன் நான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "கேட்டுப் பார்ப்போம் மகள்" என்று சொல்லிச் சமாளித்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடியபோது வாசித்தவையும் நினைவுக்கு வந்தவையும்தான் இங்கே இருக்கின்றன.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. அறுபதுகளின் நடுப்பகுதி, கொட்டாஞ்சேனை. நாங்கள் குடியிருந்த தோட்டத்துக்கும் ஓதல்பள்ளிக்கும் இடையே நூறு யார் தூரம் கூட இராது. சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம். நானாவுக்கு ஒன்பது வயது, எனக்கு ஏழு. லெப்பையுடைய ரிஹாலின் வலப்பக்கத்தில் ஒரு பிரம்பு, இடப்பக்கத்தில் ஒரு பிஸ்கட் பேணி. பேணிக்குள் டொபி. பிழையில்லாமல் ஒரு பக்கம் ஓதினால் ஒரு டொபி. நின்ற இடத்துக்கு ஒரு அடி. எங்களைச் சேர்க்கப் போன அன்று வாப்பா சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "கண்ண மட்டும் வெச்சிட்டு மத்ததெல்லாம் ஒங்கட, லெப்ப." அந்தக் காலத்தில் எல்லா வாப்பாமாரும் சொன்ன பேச்சுத்தான் அது. லெப்பையும் கெட்ட மனுஷர் அல்ல. காய்ச்சலில் கிடந்தால் வீடு தேடி வந்து ஓதி ஊதிவிட்டுப் போவார்.

நானாவுக்குக் கொஞ்சம் திக்குவாய். வீட்டில் பேசும்போது அவ்வளவாகத் தெரியாது. லெப்பைக்கு முன்னால் உட்கார்ந்தால் சொல் தொண்டையில் நின்றுவிடும். நின்றால் அடி. அடி விழும் என்ற பயத்தில் அடுத்த சொல்லும் நிற்கும். அதற்கும் அடி. எனக்கோ வாய் வேகம். ஒரே பாயில் பக்கத்தில் உட்கார்ந்து நான் டொபி வாங்கினேன், நானா அடி வாங்கினார். அம்மஜுஸு பாதி தாண்டவில்லை, ஒருநாள் "வயித்துக்குத்து" என்று படுத்தவர் பிறகு ஓதப் போகவேயில்லை.

முதலில் வந்தவன் கையில் எழுத்து

பிரம்பு எங்கள் ஓதல்பள்ளிக்கு மட்டும் உரிய பொருள் அல்ல. பெல்லாரிக் கலெக்டர் ஏ. டி. காம்ப்பெல் 1823இல் சென்னை அரசுக்கு எழுதிய அறிக்கையில் தன் மாவட்டத்து நாட்டுப் பள்ளிக்கூடங்களின் ஒரு வழக்கத்தை விபரிக்கிறார். காலையில் முதலாவதாக வரும் பையனின் உள்ளங்கையில் கல்வித் தெய்வத்தின் பெயர் எழுதப்படும். அது மரியாதை. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழியம். அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாவதாக வருபவனுக்கு மெல்லிய ஒரு அடி, நான்காமவனுக்கு இரண்டு. பிறகு வரும் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொன்று கூடிக்கொண்டே போகும்.

பரிசு, வெறுமை, தண்டனை மூன்றையும் ஒரே வரிசையில் வைத்த முறை இது. இதில் ஒரு குறை உண்டு. முப்பது பிள்ளைகள் இருந்தால், எல்லாரும் சூரியன் உதிக்குமுன் வந்தாலும் இருபத்தெட்டுப் பேருக்கு அடி நிச்சயம். எவ்வளவு முயன்றாலும் பெரும்பாலோர் தப்ப முடியாது.

சோம்பேறிப் பையனின் இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடும் வழக்கத்தையும் காம்ப்பெல் குறிப்பிடுகிறார். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் இதற்குக் கோதண்டம் என்று பெயர். தோப்புக்கரணம் போன்ற தண்டனையும் அவர் பட்டியலில் உண்டு. அதை நானே வகுப்பில் கொடுத்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து இலண்டனுக்கு, அங்கிருந்து இங்கே

இந்தத் திண்ணைகளின் ஒரு பகுதி கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைப் பையன்களுக்காக இருந்த விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்தியவர் அண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தன் பள்ளியிலும் அதைச் செய்வித்தார். பெரிய பையன்களைச் சின்னப் பையன்களுக்குப் படிப்பிக்க வைத்தார். நாங்கள் சட்டாம்பிள்ளை என்று சொல்வோமே, அந்த முறை. 1797இல் இலண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். பையன்களின் குற்றங்களை எழுதிவைக்க அவர் ஒரு கறுப்புப் புத்தகம் வைத்திருந்தார். தீர்ப்புச் சொல்வதும் பையன்களே.

அதே காலத்தில் இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் ஏறத்தாழ இதே முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். குவேக்கர் சமயத்தவரான அவருக்கு அடிப்பது பிடிக்காது. நல்லாகப் படித்தவனுக்குப் பதக்கமும் சீட்டும் கொடுத்தார்; சீட்டுகளைச் சேர்த்துப் பரிசு வாங்கலாம். ஆனால் குழப்படிகாரனுக்கு? கழுத்தில் ஒரு மரக்கட்டை. அதற்கும் மேலே போனால் கூடைக்குள் வைத்து, கூட்டுப் பறவை மாதிரி எல்லாரும் பார்க்கக் கூரையில் தூக்குவது. பிரம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெட்கத்தை வைத்தார். பிரம்பை விட்டுவிட்டோம் என்று சொல்லும் இன்றைய ஆசிரியர்கள் பலர், என்னையும் சேர்த்து, இந்த இடத்தில்தான் நின்றுவிட்டோம். வகுப்புக்கு முன்னால் முழங்காலில் நிறுத்துவது, "இவனப் பாருங்க" என்று சொல்லிச் சிரிக்க வைப்பது எல்லாம் லங்காஸ்டரின் கூடைகள்தான்.

ஆங்கிலேய மிஷனரிமார் போன இடமெல்லாம் சட்டாம்பிள்ளை முறையும் போனது. எங்கள் கொட்டாஞ்சேனைக்கு இன்னொரு வழியும் இருந்தது. 1865இல் தொடங்கிய சென் பெனடிக்ஸ் கல்லூரியை வளர்த்தவர்கள் லசாலிய சகோதரர்கள். அவர்களின் சபையை நிறுவிய ஜான் பப்திஸ்த் த லசால் எழுதிய பாடசாலை நடைமுறை நூல் 1720இல் அச்சானது. பக்திக்கும் திறமைக்கும் தவறாத முயற்சிக்கும் தனித்தனிப் பரிசு என்று அதில் வகுத்திருக்கிறார். தண்டனையையும் அவர் விலக்கவில்லை. ஆனால் எப்போது, எதனால், எந்த மனநிலையில் என்று பக்கம் பக்கமாக நிபந்தனை போடுகிறார். கோபத்தில் அடிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஆசிரியர்களுக்கும் கரட்டும் பிரம்பும் வந்த காலம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1862இல் வந்த திருத்திய விதிக்கோவைப்படி, பரிசோதகர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று சோதிப்பார். ஒரு பாடத்தில் தவறினால் அந்தப் பிள்ளைக்கான அரச உதவியில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. இலங்கையில் 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் அமைந்த பிறகு, உதவி பெறும் பாடசாலைகளுக்கு இங்கேயும் பெறுபேற்றைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை வந்தது. விளைவை இங்கிலாந்தில் பரிசோதகராக இருந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் கண்டு சொன்னார்: பிள்ளைகள் வாசிக்கப் பழகாமல் வாசிப்புப் புத்தகத்தையே பாடமாக்கிச் சித்தியடைகிறார்கள். ஆசிரியருக்குக் காசு வந்தது. படிப்பு வரவில்லை.

எங்கள் சமூகம் இந்த ஓட்டத்துக்கு வெளியே நின்றது. பிள்ளைகளின் மார்க்கம் போய்விடும் என்ற பயத்தில் மிஷன் பாடசாலைகளை ஒதுக்கினார்கள். குர்ஆன் மட்டும் ஓதிக்கொடுத்த பள்ளிகளுக்குப் பரிசோதகரின் பட்டியலில் இடமில்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை, இந்த நிலைமையை மாற்றத்தான் பாடுபட்டார். 1884இல் புதுச்சோனகத் தெருவில் தொடங்கிய முயற்சி, 1892இல் மருதானையில் ஸாஹிராவாக நிலைத்தது. நாடு கடத்தப்பட்டு இங்கே வாழ்ந்த ஒறாபி பாஷாவின் ஊக்கமும் வாப்பிச்சி மரைக்காரின் உழைப்பும் அதில் சேர்ந்தன. புதிய பாடசாலை ஒருபுறம், பழைய ஓதல்பள்ளி ஒருபுறம் என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. பிரம்பு இரண்டிலும் இருந்தது.

எங்கட இமாம்கள் என்ன சொன்னார்கள்?

"அடிக்கிறது நம்மட முறை, அடிக்காதே என்பது வெள்ளைக்காரன்ட பேச்சு" என்று பள்ளி நிர்வாகிகள் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எழுதிவைக்கப்பட்ட வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

ஓதிக்கொடுப்போருக்கென்று கைரவான் நகரில் எழுந்த நூல்கள் இரண்டு முக்கியமானவை. ஒன்று ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஸஹ்னூன் எழுதியது. மற்றது கி.பி. 1012இல் மறைந்த அல்காபிஸி எழுதியது. இருவரும் பிரம்பை முற்றாகத் தடுக்கவில்லை. மூன்று அடி என்று எல்லை வைத்தார்கள். அதைத் தாண்ட வேண்டுமென்றால் தந்தையின் அனுமதி வேண்டும். முகத்திலும் தலையிலும் அடிக்கக் கூடாது, கோபத்தில் அடிக்கக் கூடாது என்று அல்காபிஸி வற்புறுத்துகிறார். என் வாப்பா லெப்பையிடம் கொடுத்த அனுமதியை இவர்கள் கேட்டிருந்தால் திகைத்திருப்பார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் பிள்ளை வளர்ப்பைப் பேசும்போது அடியிலிருந்து தொடங்கவில்லை, பாராட்டிலிருந்து தொடங்குகிறார். பிள்ளையிடம் நல்ல குணம் ஒன்று வெளிப்பட்டால் மகிழ்ச்சி தரும் ஏதாவது கொடுங்கள், மற்றவர் முன்னால் புகழுங்கள். ஒருமுறை தவறினால் காணாததுபோல் விடுங்கள். திரும்பவும் செய்தால் தனியே அழைத்துக் கண்டியுங்கள். எந்நேரமும் ஏசிக்கொண்டிருந்தால் ஏச்சுக்கு மதிப்புப் போய்விடும். ஓதி முடிந்த பிள்ளையை விளையாட விடுங்கள். விளையாட்டைத் தடுத்து எப்போதும் படிப்பிலேயே வைத்தால் மனம் செத்து, தப்புவதற்கு வழி தேடும். கடைசிச் சொல்லை வாசித்தபோது நானாவின் "வயித்துக்குத்து" எனக்கு ஞாபகம் வந்தது.

1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் இதைச் சமூகத்தின் அளவுக்கு விரிக்கிறார். கடுமையால் வளர்க்கப்படும் மாணவனின் உற்சாகம் போய்விடும். சோம்பல் வரும். அடிக்குத் தப்ப உள்ளத்தில் ஒன்றை வைத்து வெளியில் வேறொன்றைக் காட்டப் பழகுவான். நாளடைவில் பொய் அவனுடைய குணமாகிவிடும். அடக்குமுறைக்குக் கீழே வாழ்ந்த சமூகங்களுக்கும் இதுவே நேர்ந்தது என்கிறார்.

ஏழு வயதில் தொழ ஏவுங்கள், பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்ற கருத்தில் அபூதாவூதில் வரும் ஹதீஸை இங்கே யாரும் கேட்பார்கள். நான் ஆலிம் அல்ல. ஆனால் கணக்கு வாத்தியார். சந்திர வருஷம் 354 நாள்; மூன்று வருஷத்தில் ஐவேளையுமாக 5,310 தடவை அன்பாகச் சொல்லிக்கொடுக்கும் அவகாசம் அந்த ஏழுக்கும் பத்துக்கும் இடையில் இருக்கிறது. பிறகு வரும் அடியும் காயமோ தழும்போ ஏற்படுத்தாததாக, முகத்தைத் தவிர்த்ததாக இருக்க வேண்டும் என்பது சட்ட அறிஞர்களின் விளக்கம். திக்கிப்போன சொல்லுக்கு அந்த ஹதீஸில் எந்த இடமும் இல்லை. பத்து வருஷம் பணிவிடை செய்த அனஸ் (ரழி), ஒருநாளும் நபியவர்கள் (ஸல்) தன்னை நோக்கி 'உஃப்' என்று கூடச் சொன்னதில்லை என்று அறிவித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஓதல்பள்ளிகளில் முதலாவது ஹதீஸைக் கேட்ட அளவுக்கு நான் இரண்டாவதைக் கேட்டதில்லை.

எலியும் வாத்தியாரும்

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கல்வி உளவியல் படிப்பித்தார்கள். தோண்டைக் என்ற அமெரிக்கர் 1898இல் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துப் பார்த்தது, திருப்தி தரும் செயல் நிலைக்கும், தொல்லை தரும் செயல் மறையும் என்று அவர் விதி சொன்னது எல்லாம் நோட்ஸ் எழுதிப் பாடமாக்கினோம். அவரே 1932இல் அந்த விதியின் பாதியைத் திருத்தினார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். "சரி" என்று சொல்வது பலப்படுத்தும் அளவுக்கு, "பிழை" என்று சொல்வது பலவீனப்படுத்தவில்லை என்று அவர் கண்டார்.

ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட பரிசோதனை இன்னும் தெளிவு. நெம்பை அழுத்தினால் தீன் கிடைக்கும் என்று பழகிய எலிகளுக்குத் தீனை நிறுத்தினார். ஒரு கூட்டத்துக்கு மட்டும், நெம்பை அழுத்தும்போதெல்லாம் முன்னங்காலில் ஒரு தட்டும் விழச் செய்தார். தட்டு வாங்கிய எலிகள் உடனே அடங்கின. தட்டு நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப அழுத்தத் தொடங்கின. இரண்டாம் நாள் முடிவில் அடி வாங்கியதும் வாங்காததும் அழுத்திய மொத்தத் தொகை ஒன்றே. அடி பழக்கத்தை அழிக்கவில்லை, கொஞ்ச நேரம் ஒளித்துவைத்தது.

அப்படியென்றால் இத்தனை நூற்றாண்டாகப் பிரம்பு ஏன் விடாமல் இருக்கிறது? இதற்கான விடையும் அதே பாடத்துக்குள் இருக்கிறது. தொல்லை ஒன்றை நீக்கும் செயல் பலப்படும் என்பதை மறை மீளவலியுறுத்தல் என்போம். வகுப்பு இரைகிறது. ஆசிரியர் ஒருவனை அடிக்கிறார். அந்த நிமிஷமே நிசப்தம். யாருடைய தொல்லை நீங்கியது? ஆசிரியருடையது. யார் பழகினார்? ஆசிரியர். அடுத்த முறை கை தானாகவே பிரம்புக்குப் போகிறது. பிள்ளைக்குப் பாடம் வருகிறதோ இல்லையோ, அடிப்பவருக்கு ஒவ்வொரு அடியிலும் ஒரு டொபி கிடைக்கிறது.

இதை நான் எலியைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொல்கிறேன். 1982இல் நியமனம் கிடைத்த முதல் மாதம் நான் அடிக்கவில்லை. இரண்டாம் மாதம் ஒருநாள் அடித்தேன், வகுப்பு அடங்கியது. பிறகு இருபது வருஷத்துக்கு மேலாக என் மேசையில் அடிமட்டம் இல்லாத நாள் இல்லை. நானாவின் கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அது கூட என்னைத் தடுக்கவில்லை.

டொபி வாங்கியவன்

டொபி வாங்கியவன் பிழைத்தான் என்று நினைக்க வேண்டாம். வேகமாக ஓதினால் பக்கம் சீக்கிரம் முடியும், பேணி திறக்கும். ஆகவே வேகமாக ஓதினேன். குர்ஆன் தமாம் பண்ணிய அன்று வீட்டில் சீனி பகிர்ந்தார்கள், புதுச் சாரம் உடுத்தினார்கள். அதன் பிறகு பல வருஷம், நோன்பைத் தவிர மற்றக் காலத்தில் நான் குர்ஆனைத் திறக்கவில்லை. டொபி முடிந்தது, ஓதலும் முடிந்தது.

1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெற் ஆகிய மூவர் பாலர் பாடசாலையில் செய்த ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. படம் கீறுவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு கூட்டத்துக்கு, கீறினால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே தாமாகக் கீறினார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. பிள்ளையிடம் இருக்கும் ஆசையை விலைக்கு வாங்கினால் ஆசை போய்விடுகிறது. கஸ்ஸாலி இமாம் சொன்னது, நல்லது வெளிப்பட்ட பிறகு மகிழ்விப்பதை. நாங்கள் செய்வது முன்கூட்டியே விலை பேசுவதை.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கு இறங்கினால் ரியூஷன் பதாதைகள். புலமைப்பரிசில் பரீட்சையில் கூடப் புள்ளி எடுத்த ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் படங்கள். படத்தில் இல்லாத பிள்ளைகளும் தினம் அந்த வழியால்தான் போகிறார்கள். பெல்லாரியில் மூன்றாவதாக வந்தவனை நினைத்துக்கொள்வேன்.

சுற்றுநிருபம் எட்டாத இடம்

இலங்கையில் கல்வி அமைச்சு 2005இல் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் மூலம் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்தது. அதே வருஷத்தின் 23ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றக் கசையடியையும் நீக்கியது. மாணவனை ஆசிரியர் தாக்கியது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறும் என்று உயர் நீதிமன்றம் 1995இலும் 2021இலும் தீர்ப்பளித்திருக்கிறது. 2021 வழக்கு, ஒரு அறையினால் காது கேளாமற்போன மாணவனுடையது. என் மேசையிலிருந்து அடிமட்டம் இறங்கியது அந்தச் சுற்றுநிருபத்துக்குப் பிறகுதான். மனம் மாறி அல்ல, பயந்து. முதல் ஒரு வருஷம் எனக்கு வகுப்பு நடத்தவே தெரியவில்லை.

ஆனால் அந்தச் சுற்றுநிருபம் பாடசாலை அதிபர்களுக்கு எழுதப்பட்டது. மாலையில் ஓதல்பள்ளிப் பாயில் உட்காரும் பிள்ளைக்கு அது எட்டாது. அங்கே எழுத வேண்டியவர்கள் பள்ளி நிர்வாகசபையார். ஒரு பக்கம் போதும்: அடி இல்லை, மற்றவர் முன்னால் அவமானம் இல்லை, திக்கும் பிள்ளைக்குத் தனியே நேரம், தவறினால் வாப்பா உம்மாவுக்குத் தகவல். உஸ்தாத்மாருக்கு வகுப்பைக் கொண்டுநடத்தப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளை ஒருவரிடம் விட்டுவிட்டு, கொஞ்சமாகச் சம்பளமும் கொடுத்துவிட்டு, பிரம்பை மட்டும் பறித்தால் வேலைக்கு ஆகாது. கைரவான் நகரத்து அறிஞர் ஆயிரம் வருஷத்துக்கு முன்னமே விதி எழுதிவைத்தார்கள். எங்களுக்கு ஒரு பக்கம் எழுத என்ன தடை?

மகளுக்கு நான் கொடுத்த பதில் இதுதான்: நானே மத்ரஸாவுக்குப் போய் உஸ்தாதைச் சந்தித்தேன். இளைஞர். "அடிக்கிறல்ல சேர், சில நேரம் கோவம் வரும்" என்றார். அந்த உண்மைக்காகவே அவரைப் பிடித்தது. என் வகுப்புக் கதையைச் சொன்னேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் நானும் பின் வரிசையில் உட்கார்ந்து, தடுமாறும் பிள்ளைகளை ஓதக் கேட்கிறேன்.

1991இல் உம்மா வபாத்தான அன்று வீட்டில் எல்லாரும் யாஸீன் ஓத உட்கார்ந்தோம். நானா விறாந்தையில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். "நானா, உள்ளுக்கு வாங்க" என்றேன். "நீ ஓது. நான் வாற ஆக்களப் பாக்கிறன்" என்றார். ஓதத் தெரியாதவர் அல்ல. சின்ன வயதில் என் பக்கத்தில் பாயில் இருந்து, நான் ஓதியதையெல்லாம் கேட்டே மனனம் செய்தவர்; இரவில் போர்வைக்குள் எனக்குப் பிழை திருத்தியவர். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க மட்டும் அவருக்கு முடியாது. ஓதத் தவறியதற்காக அடித்தார்கள். பெற்ற தாயின் ஜனாஸாவுக்கு முன்னாலும் ஓதாமல் இருக்கத்தான் அந்த அடி அவரைப் பழக்கியிருந்தது.